காரை தெரிந்த கைகள்

கோயம்புத்தூர் டவுன்ஹாலைச் சுற்றியுள்ள வீதிகளில் புதுக் கட்டடங்களுக்கு நடுவே பழைய ஓட்டுக் கட்டடங்கள் சில பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றான, நொடித்துப்போன ஒரு காபி கிளப்பை நண்பர் ஒருவர் வாங்கியிருக்கிறார். மராமத்துப் பார்த்து மறுபடி திறக்கப்போகிறார். வேலை செய்பவர்களைப் பார்க்கத்தான் நான் போனேன்.

முன்சுவரில் யாரோ எப்போதோ பூசிய சிமென்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தது. "சுவத்துல ஏறுன ஈரம் வெளிய வரோணுமுங்க. மேல சிமெண்டப் பூசி அடச்சுப்போட்டா எங்க போகும்?" என்றார் மேஸ்திரி. வழியில்லாத ஈரம் செங்கல்லிலேயே உப்பை விட்டுவிடுகிறது. அவர் காட்டிய இடத்தில் விரல் வைத்தேன். செங்கல் பொடியாக உதிர்ந்தது.

அதனால் சுவருக்குப் பூசப் பின்கட்டில் காரை, அதாவது சுண்ணாம்புச் சாந்து, தயாராகிறது. சுட்ட சுண்ணாம்புக்கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதித்துக் குமுறும், கிட்டே நிற்க முடியாது. நீற்றிய சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவிட்டு, சலித்த மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் நுரைத்து, கள்ளைப் போலவே புளித்து வாடை வீசுகிறது. சுவரை நனைத்துப் பூசி, ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்தது. மணியாசுக்கட்டையால் தேய்த்தபின் சிறு கரண்டியால் திரும்பத் திரும்ப அழுத்துகிறார் மேஸ்திரி. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெதுவாக இழுத்துத்தான் காரை இறுகும். அவசரப்படுத்தினால் வெடிப்பு விழும்.

பக்கத்து மதுக்கரைக்கு 1930-களிலேயே சிமென்ட் ஆலை வந்துவிட்டது. சீக்கிரம் இறுகும் சிமென்ட்டோடு காரை போட்டி போட முடியவில்லை. மேஸ்திரியின் மகன்கள் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை.

ஆனால் வேலை தெரிந்த இன்னொருவர் அங்கேயே இருந்தார், சித்தாள் அக்கா ஒருவர். சாந்தைக் கையில் உருட்டிப் பார்த்து அவர் "ஆச்சுங்க" என்ற பிறகுதான் மேஸ்திரி சட்டியைத் தொடுகிறார். பதம் பார்ப்பது இவர், கூலி மட்டும் சித்தாள் கூலி. "நானும் பூசுவனுங்க. ஆரு கரண்டியக் குடுக்கறாங்க?" என்றார். இது பச்சை அநியாயம். நண்பரிடம் அப்படியே சொன்னேன். பின்சுவரை அந்த அக்காவையே பூசச் சொல்ல மேஸ்திரியும் ஒப்புக்கொண்டார்.

பழைய கட்டடம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஜேசிபியைக் கூப்பிடும் முன் காரை தெரிந்த ஒருவரிடம் சுவரைக் காட்டுங்கள். காரை காயும் நாட்களையும் செலவுக் கணக்கில் சேருங்கள். பதம் அறிந்த பெண்ணுக்குக் கொத்தனார் கூலியே கொடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. வேலைக்கு வருகிறவர்களிடம் வாரிய அட்டை இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள், இல்லையென்றால் பதிவு செய்துகொடுங்கள்.