முதுகுல ஒரு கண்ணு!

மார்கழி மாசம், காலை நாலரை மணி. சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை வழியா ஆலங்குளத்துக்கு சைக்கிள்ல கிளம்பியாச்சு. ரெண்டு பக்கமும் கரிசக்காடு, நடுவுல கறுப்பு ரோடு. எது காடு, எது ரோடுன்னு கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும் பாஸ்!

ஆனா, ரோடு தூங்கலை. பட்டாசு ஆலைக்கு ஆள் ஏத்திட்டுப் போற வேன், 1970-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலங்குளம் அரசு சிமென்ட் ஆலைப் பக்கம் போற லாரி, இதுக்கு நடுவுல தூக்குவாளி மாட்டின சைக்கிள்கள்.

என் சீட்டுக்குக் கீழே ஃப்ரெண்ட் கடனாக் கொடுத்த ரேடார் லைட். ரெண்டு தீப்பெட்டியை நீளவாக்கில் ஒட்டின சைஸ்தான். பின்னாடி வண்டி வந்தா, ஹேண்டில்பார்ல இருக்கிற செல்போன்ல 'பீப்'. கூடவே ஒரு புள்ளி மேலே ஏறி வரும்.

எப்படின்னு கேக்கறீங்களா? லைட்டிலிருந்து போற ரேடியோ அலை, வண்டியில் பட்டுத் திரும்பும். நெருங்கி வர்ற வண்டின்னா அலையோட அதிர்வெண் கூடும். நாம ஸ்கூலில் படிச்ச அதே டாப்ளர் விளைவு! தென்னாப்பிரிக்காவின் ஐகுபு கம்பெனி உருவாக்கினதை, 2015-ல் கார்மின் வாங்கி 'வேரியா'ன்னு வித்தது. 140 மீட்டர் வரை பார்க்கும். வேன் 60 கி.மீ., நாம 15 கி.மீ. வேகம்னா, சுதாரிக்க 11 செகண்ட் கிடைக்கும். ஆனா, நம்ம வேகத்துலயே ஒட்டிட்டு வர்ற வண்டி இதுக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கிற பழக்கத்தை விட்டுடாதீங்க!

வெம்பக்கோட்டை டீக்கடையில் பெருமையா இதையெல்லாம் விளக்கினேன். பக்கத்துல பட்டாசு வேலைக்குப் போற ஒரு அண்ணாச்சி. விலையைக் கேட்டதும், "ரெண்டு சைக்கிள் வாங்கிரலாமே தம்பி!"ன்னு சிரிச்சார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "வண்டி வருதுன்னு ஒனக்குச் சொல்லுது, சரி. நான் முன்னால போறேன்னு வண்டிக்காரனுக்கு யாரு சொல்லுவா?"

செம கேள்வி! அந்த வேலையை ரேடார் செய்யாது, அதோட இருக்கிற சிவப்பு லைட்டுதான் செய்யும். அதுக்கு ஆயிரக்கணக்குல செலவு வேண்டாம். அண்ணாச்சி சைக்கிளைப் பார்த்தேன். மட்கார்டில் ரிஃப்ளெக்டர் உடைஞ்சுபோய், வெறும் ஓட்டைதான் இருந்துச்சு. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்த சைக்கிள்காரங்க 4,836 பேர்ங்கிறது மத்திய அரசின் கணக்கு.

பையில் கிடந்த சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை வெட்டி மட்கார்டில் ஒட்டிவிட்டேன். "வானத்துல செவப்பு பூக்க ஸ்ட்ரான்ஷியம் உப்பு போடுதோம். நம்ம சைக்கிளுக்கு ஒரு செவப்பு இல்லாமப் போச்சு பாரு!"ன்னு சொல்லிட்டு, அவர் முன்னால் கிளம்பிட்டார்.

ஆலங்குளத்துக்கு முன்னாடி, இருட்டு இன்னும் விலகலை. என் செல்போன்ல 'பீப்'. ஓரமா ஒதுங்கினேன். வேன் என்னைத் தாண்டுச்சு. அதோட ஹெட்லைட் வெளிச்சம் பட்டதும், தூரத்துல குட்டியா ஒரு சிவப்பு பளிச்சுன்னு எரிஞ்சது. வேன் வேகத்தைக் குறைச்சு, நல்லா விலகிப் போச்சு.

ஃப்ரெண்ட்ஸ்... ரேடார் லைட்டை அப்புறம் வாங்கிக்கலாம். உங்க சைக்கிளோட பின்பக்கத்தை இன்னிக்கே ஒரு தடவை பார்த்துடுங்களேன்!