அத்தைக்குப் பிடித்த கசப்பு

எங்கள் வீட்டுப் பெரிய அத்தைக்குப் பிறந்த தேதி தெரியாது. ஆனால் வயது மட்டும் தப்பாமல் சொல்லிவிடலாம். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள்ளிருந்து அத்திவரதர் 1939-ல் வெளியே வந்தபோது அத்தை பிறந்து ஒரு மாதமாம். 1979-ல் பெருமாள் மறுபடி வந்தபோது நாற்பது. 2019-ல் எண்பது! காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைவிட நல்ல காலண்டர் வேண்டுமா?

அத்தை என்றால் என் கணவருடைய அத்தை. இவருக்கு நாலு வயதாகும்போதே என் மாமியார் காலமாகிவிட்டார். பிள்ளைக்குச் சோறு போட்டு, பிள்ளையார்பாளையத்து வீட்டில் ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்து தார் சுற்றி, அதில் வந்த காசில் இவரைப் படிக்க வைத்தவர் அத்தைதான். எனக்கு மாமியார் இல்லையே என்று கல்யாணத்தின்போது தோழிகள் பொறாமைப்பட்டார்கள். அவர்களுக்கு அத்தையைத் தெரியாது!

அத்தை கையில் ஒரு பட்டுப்புடவையைக் கொடுத்துப் பாருங்கள். கலரைப் பார்க்க மாட்டார், ஜரிகையைப் பார்க்க மாட்டார். உடம்பும் கரையும் சேருகிற கோர்வை இடத்தைத் திருப்பி, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவுவார். எங்கே இழை பிசகியிருக்கிறதோ அங்கே விரல் நிற்கும். என் சமையலுக்கும் அதே பரீட்சைதான். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட "நல்லாயிருக்கு" என்ற வார்த்தை வந்ததில்லை. அதிலும் இனிப்பு செய்துவிட்டால் போச்சு. கேசரி, பாயசம், மைசூர்பாகு எதுவானாலும் ஒரு வாய் வைத்துவிட்டு, "வாயெல்லாம் ஒட்டுது" என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

2019 ஜூலை முதல் தேதி அத்திவரதர் தரிசனம் ஆரம்பித்தது. நாற்பத்தெட்டு நாள் எங்கள் ஊர் ஊராகவே இல்லை. எங்கெங்கோ இருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் எங்கள் கூடத்தில் பாய் விரித்தார்கள். அந்தக் கூட்டத்தில்தான் என் பெண், "ஆயாவுக்கு எண்பது வயசு, கேக் வெட்டணும்மா" என்று பிடிவாதம் பிடித்தாள். கடையில் கேட்டால் எல்லாம் கிரீம் மயம். அத்தை வாயில் அது நுழையுமா?

அப்போதுதான் முதன்முறையாக, அத்தைக்கு என்ன பிடிக்காது என்பதை விட்டுவிட்டு என்ன பிடிக்கும் என்று யோசித்தேன். சர்க்கரை போடாத கடுங்காப்பி. சுண்டைக்காய் வற்றல். மந்தாரை இலை போட்ட குடலையில் வேகிற கோயில் இட்லி, அதிலும் மிளகும் சுக்கும் தூக்கலாக இருக்கிற துண்டு. எல்லாம் கசப்பும் காரமும்தான். கோகோவும் இயற்கையில் கசப்புதானே!

முதல் தடவை அதிபுத்திசாலித்தனமாகச் சர்க்கரையைக் கால் கப்பாகக் குறைத்தேன். செங்கல் தோற்றது போங்கள். வாசலில் வந்த பசு மோந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டியது. சர்க்கரை தித்திப்புக்கு மட்டும் இல்லை, ஈரத்தைப் பிடித்து வைத்துக் கேக்கை மெத்தென்று ஆக்குவதும் அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. அதைக் குறைத்தால் தயிரும் எண்ணெயும் கைகொடுக்க வேண்டும்.

இரண்டாம் தடவை சரியாக வந்த அளவைச் சொல்கிறேன். மைதா ஒன்றரை கப், கோகோ பவுடர் கால் கப்புக்கு மேல் ஒரு ஸ்பூன், ஆப்ப சோடா ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. இவற்றை மூன்று முறை சலிக்க வேண்டும். அரை கப் சர்க்கரையை அளந்த பிறகு பொடித்துக்கொண்டு, அரை கப் புளித்த தயிர், மூன்றில் ஒரு பங்கு கப் வாசனையில்லாத எண்ணெய் இரண்டோடும் அடித்துக் கரைக்கவும். முக்கால் கப் ஆறிய காப்பி டிகாக்ஷன் சேர்த்து, மாவைக் கொட்டிக் கட்டியில்லாமல் கலக்கவும். டிகாக்ஷன் போட்டால் காப்பி வாசனை முந்தாது, கோகோவின் வாசனைதான் தூக்கும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்ததும் பொங்க ஆரம்பித்துவிடும். அதனால் கலந்த கையோடு அடுப்பில் ஏற்ற வேண்டும். அடுத்த வீட்டுக்காரியோடு பேசிவிட்டு வரலாம் என்று போகாதீர்கள்!

என்னிடம் அவன் கிடையாது. பழைய அலுமினியக் குக்கரில் தண்ணீர் விடாமல் ஒரு அங்குலத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்தேன். காஸ்கெட்டும் வெயிட்டும் கண்டிப்பாகக் கூடாது. பத்து நிமிஷம் சூடான பிறகு, நெய் தடவி மாவு தூவிய பாத்திரத்தில் கலவையை ஊற்றி உள்ளே வைத்து, சிறு தீயில் முக்கால் மணி நேரம். ஈர்க்குச்சி குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். டிரிங்கிங் சாக்லேட் டப்பாவை வாங்கி வந்துவிடாதீர்கள், அதில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். அப்புறம், தித்திப்பு குறைவு என்பதற்காகச் சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத் தாராளமாகக் கொடுத்துவிட வேண்டாம். மைதாவும் சர்க்கரையாகத்தான் மாறும். நல்லவேளை, அத்தைக்கு அந்த வியாதி இல்லை.

"இன்னாம்மா இது, கருகிப் போச்சா?" என்றார் அத்தை, கேக்கைப் பார்த்ததும்.

"இல்லை அத்தை, கோகோ. நம்ம பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புல ஊடுபயிரா விளையுது."

துண்டைத் திருப்பினார். கட்டைவிரலால் அடிப்பக்கத்தைத் தடவினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றார். தட்டைத் தள்ளவில்லை.

"தித்திப்பா இருந்தா உங்களுக்கு ஏன் அத்தை பிடிக்கிறதில்ல?" என்று கேட்டேன். இதைக் கேட்க எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது!

"ஏழு வயசுல எங்கப்பா என்னைத் தறியில உட்கார வெச்சாரும்மா" என்று ஆரம்பித்தார். கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா. நெய்கிறவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் தள்ள இன்னொருவர். அந்த இன்னொருவர் அந்த நாளில் பெரும்பாலும் வீட்டுக் குழந்தைதான். விடியற்காலை இருட்டில் எழுப்பினால் அத்தை அழுவாராம். அழாமல் இருக்க அவருடைய அப்பா ஒரு வெல்லக்கட்டியை வாயில் திணித்துத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைப்பாராம். வெல்லம் கரைந்த பிறகும் பொழுது சாயும்வரை எழுந்திருக்க முடியாது. "பள்ளிக்கூட மணி காதுல விழும். யாரானா இனிப்பு குடுத்தா, இன்னா வேலை வாங்கப் போறாங்கன்னுதான் எனக்குத் தோணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கேக் துணுக்கை விரலால் ஒற்றியெடுத்துக்கொண்டே சொன்னார்.

எனக்குத் தலை நிமிரவில்லை. என் பெண் குழந்தையாக இருந்தபோது நான் கடைக்கோ டெய்லரிடமோ போக வேண்டுமானால் என்ன செய்வேன் தெரியுமா? ஒரு டம்ளர் சேமியா பாயசம் கொண்டு போய் அத்தை முன்னால் வைத்துவிட்டு, "பாப்பாவை ஒரு மணி நேரம் பாத்துக்கிறீங்களா அத்தை?" என்பேன். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளுவார். ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். எத்தனை டம்ளர்!

மறுநாள் காலையில் காப்பியோடு மிச்சமிருந்த துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "அடியில கொஞ்சம் காஞ்சிருக்கு. தீயை இன்னும் சின்னதா வெச்சிருக்கணும்" என்றார். உண்மைதான்.

அன்று மத்தியானம் வந்திருந்தவர்களை அழைத்துக்கொண்டு நான் கோயிலுக்குப் போக வேண்டும். ஓரகத்தியின் பேரனுக்கு எட்டு மாதம். அந்த நெரிசலில் தூக்கிக்கொண்டு போக முடியாது. சமையலறையில் முதல் நாள் செய்த பால் பாயசம் இருந்தது. அதைத் தொடாமல் வெறுங்கையோடு அத்தையிடம் போனேன்.

"அத்தை, ஒரு வேலை இருக்கு. குழந்தையைப் பாத்துக்கணும். முடியுமா?"

"எத்தினி நாழி ஆகும்?" என்று கேட்டார்.

"க்யூவைப் பார்த்தா ராத்திரி ஆயிடும் போலிருக்கு."

"ஆவட்டும். போயிட்டு வா. பால் பாட்டில் எங்க இருக்குன்னு மட்டும் காட்டிட்டுப் போ" என்றார்.