அப்பாவின் சைக்கிளும் ஒரு முழ நூலும்

 

அப்பாவின் ஹெர்குலிஸ் உங்களில் பலருக்குத் தெரியும். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸில் செய்தது. 1962-இல், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த வருஷம், வாங்கினார். அதன் பின் ஹப் தேய்ந்துவிட்டது. அக்கா மகன் ஆசையாக மூன்று கியர் ஹப் போட்டு ஒரு புதுச் சக்கரம் கட்டிக் கொண்டுவந்தான்.

சிக்கல் அங்கேதான். பழைய ஒற்றை கியர் சைக்கிளில் பின் சக்கரம் உட்காரும் இடைவெளி ஏறக்குறைய 110 மில்லிமீட்டர். புது ஹப்போ 120. ஒரு கடையில் பின் கம்பிகளை இழுத்து விரித்துச் சக்கரத்தைத் திணித்து நட்டை முறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். கடற்கரைச் சாலை போவதற்குள் இரண்டு தடவை செயின் கழன்றது.

முத்தியால்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. பூக்கட்டும் நூலை எடுத்தார். ஒரு முனையைப் பின் அச்சு உட்காரும் இடத்தில் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கம் கட்டினார். சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே ஸ்கேல் வைத்தார். வலப்பக்கம் 28, இடப்பக்கம் 25.

“பாரு வாத்தியாரே, ஒரு பக்கமா விரிஞ்சிருக்கு.”

நடுவில் 3 வித்தியாசம் என்றால் பின்னால் அச்சருகே ஏறக்குறைய இரு மடங்கு. பத்து மில்லிமீட்டரில் ஆளுக்கு ஐந்தாக விரிய வேண்டியது, வலப்பக்கம் எட்டும் இடப்பக்கம் இரண்டுமாக விரிந்திருந்தது.

சீட் குழாயில் துணி சுற்றி, சவுக்குக் கழியை நெம்புகோலாக வைத்து இடப்பக்கத்தை மெல்ல வெளியே தள்ளினார். வலப்பக்கத்தைக் கையால் உள்ளே அழுத்தினார். இரும்பு கொஞ்சம் திரும்பி வரும். அதற்கும் சேர்த்துத் தள்ள வேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் நூல், ஸ்கேல். (அலுமினிய பிரேமில் இதை யாரும் செய்து பார்க்காதீர்கள், விரிசல் விட்டுவிடும்.) கடைசியில் அச்சு உட்காரும் இரண்டு தகடுகளும் இணையாக நிற்கின்றனவா என்று பார்த்தார். இல்லாவிட்டால் அச்சு வளையும்.

பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குச் சட்டென்று ஒரு பையன் ஞாபகம் வந்தான். முப்பது வருஷம் இருக்கும். ஏழாம் வகுப்பு. அரியாங்குப்பத்திலிருந்து பழைய சைக்கிளில் வருவான், தினமும் தாமதம். “செயின் கழண்டுச்சு சார்” என்பான். “தினமுமாடா கழலும்?” என்று வெளியே நிறுத்தினேன். ஒருநாள் ஸ்கேலால் அடித்தேன். நீட்டிய கை முழுக்க கிரீஸ் கறை. அதைப் பார்த்துக்கொண்டேதான் அடித்தேன். அவன் சைக்கிளின் பின் சக்கரம் சாய்ந்து ஓடுவதையும் பார்த்துச் சிரித்திருக்கிறேன். கரும்பலகையில் சமச்சீர்க் கோடு போட்டுக் காட்டியவன் நான்.

மறுநாளிலிருந்து அவன் நடந்தே வந்தான்.

தம்பி, பெயர் போட்டு உன்னைச் சங்கடப்படுத்தவில்லை. அன்று நீ சொன்னது உண்மை. நான் அடித்தது தப்பு. இதைப் படித்தால் ஒருமுறை வீட்டுக்கு வா. வீடு மாறவில்லை.