ஓசூரில் பேச்சைத் தொடங்குவது எப்படி?

ஓசூர் பேருந்து நிலையத்தில் பெயர்ப்பலகைகள் தமிழில் இருக்கின்றன. பலகைக்குக் கீழே நடக்கும் பேச்சு அப்படியில்லை. பூக்கூடையோடு நிற்கும் அம்மா தெலுங்கில் பேரம் பேசுவார். பெங்களூரு வண்டியின் நடத்துநர் கன்னடத்தில் ஆள் கூப்பிடுவார். தேநீர்க் கடையில் உருது, ஷிப்ட் முடித்து வருகிற இளைஞர்களிடம் இந்தியும் ஒடியாவும். திருநெல்வேலியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வேலைக்கு வந்து இறங்குகிறவர், சொந்த மாநிலத்தில்தான் இருக்கிறோம் என்றாலும், யாரிடம் எந்த மொழியில் வாய் திறப்பது என்று ஒரு கணம் தயங்கத்தான் செய்வார். அந்தத் தயக்கம் நல்லது. தயங்காமல் பேசுகிறவர்கள்தான் இங்கே மனத்தாங்கலை உண்டாக்குகிறார்கள்.

ஓசூருக்கு மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியைவிடப் பெங்களூரு பக்கம். பெங்களூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர். சென்னைக்கு முந்நூறுக்கும் மேல். கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாராமகால் பகுதி 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கைக்குப் போனது. மேட்டு நிலமான ஓசூர், திப்பு வீழ்ந்த 1799இல் அதனோடு சேர்ந்தது. விஜயநகரக் காலம் முதல் பாளையக்காரர்கள், மைசூர் அரசர்கள், ஹைதர், திப்பு என்று ஆட்சிகள் மாறிய மண் இது. பிறகு சேலம் மாவட்டம், 1965 முதல் தர்மபுரி மாவட்டம், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். 1956இல் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது வரைபடத்தில் கோடு விழுந்தது. வயல்காரர்கள் அவரவர் வயலில்தான் இருந்தார்கள். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

இந்த வரலாறு தெரிந்திருந்தால் ஒரு கேள்வியைத் தவிர்க்கலாம். தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசும் உள்ளூர்க்காரரைப் பார்த்து, “நீங்க எப்போ தமிழ்நாட்டுக்கு வந்தீங்க?” என்று கேட்பதுதான் அது. கேட்பவர் நட்பாகத்தான் கேட்டிருப்பார். கேட்கப்பட்டவரின் பாட்டனுக்குப் பாட்டன் பாகலூரிலோ, பேரிகையிலோ, தளியிலோ, தேன்கனிக்கோட்டையிலோ ராகி விதைத்தவராக இருப்பார். உண்மையில் வந்தவர் கேட்டவர்தான்.

ஏனென்றால் வெளியூர்த் தமிழர்களை இங்கே பெரும் அளவில் கொண்டுவந்தவை தொழிற்சாலைகள். 1971இல் உருவான மாநில அரசு நிறுவனமான சிப்காட் அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980இல் அசோக் லேலேண்டின் ஆலை இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து சாலைக்கு வந்தது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரம் வந்தது. ஐடிஐ படித்த பிள்ளைகள் வேலூர், சேலம், மதுரை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து மூக்கண்டப்பள்ளியிலும் மத்திகிரியிலும் அறை எடுத்தார்கள். அந்தத் தலைமுறையின் பிள்ளைகளுக்கு ஓசூர்தான் சொந்த ஊர். 2019இல் ஊர் மாநகராட்சியும் ஆகிவிட்டது.

சரி, பேச்சை எப்படித் தொடங்குவது?

முறை சொல்லித் தொடங்குவதே பாதுகாப்பு. அண்ணா, அக்கா, அம்மா ஆகிய மூன்றும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஏறக்குறைய அதே ஒலியோடு, அதே மரியாதையோடு செல்லும். ஆட்டோ ஓட்டுநரிடம் “அண்ணா” என்று ஆரம்பித்தால், அடுத்த வாக்கியம் எந்த மொழியில் வரவேண்டும் என்பதை அவரே பதிலில் காட்டிவிடுவார். உருது பேசும் குடும்பங்களில் ‘பாய்’ பழக்கமான விளிதான். ஆனால் வயதில் மூத்தவரை வெறும் ‘பாய்’ என்று அழைக்காமல், அங்கும் ‘அண்ணா’ என்றே சொல்லலாம், யாரும் குறை சொல்வதில்லை. மொழி அரைகுறையாக இருந்தாலும் உறவுமுறை சரியாக இருந்தால் பேச்சு நகர்ந்துவிடும்.

அடுத்தது பன்மை. இதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் நிற்கும் நண்பனிடமிருந்துதான் பெரும்பாலோர் தெலுங்கும் கன்னடமும் கற்கிறார்கள். நண்பர்களுக்குள் எல்லாம் ஒருமைதான்: தெலுங்கில் ‘நுவ்வு’, கன்னடத்தில் ‘நீனு’. அதையே கொண்டுபோய் வீட்டு உரிமையாளரிடமோ நண்பனின் தாயாரிடமோ பேசினால் முகம் மாறும். மொழி கற்கத் தொடங்கும்போதே ‘வாங்க’ என்பதற்கு இணையான ‘ரண்டி’, ‘பன்னி’யையும், ‘சொல்லுங்க’ என்பதற்கு இணையான ‘செப்பண்டி’, ‘ஹேளி’யையும் முதலில் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. நண்பனிடம் பன்மையில் பேசினால் அவன் சிரிப்பான், அவ்வளவுதான். அவன் தாயாரிடம் ஒருமையில் பேசினால் அந்த வீட்டு வாசலுக்கு மறுபடி போவது கடினம்.

வணக்கத்துக்குப் பதிலாகச் சாப்பாட்டு விசாரிப்பு நிலவும் ஊர் இது. “சாப்டீங்களா?”, “ஊட்டா ஆயிதா?”, “பூவ்வா தின்னாரா?” என்று வழியில் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். பெரும்பாலும் அது விருந்துக்கான அழைப்பு அல்ல, “ஆச்சு, நீங்க?” என்று திருப்பிக் கேட்டால் போதும். உண்மையாகவே அழைத்துவிட்டால் இலையில் ராகிக்களி வரலாம். கன்னடத்தார் முத்தே என்பார்கள், தெலுங்கர் சங்கட்டி என்பார்கள். அதை மெல்லாமல், குழம்பில் புரட்டி உருட்டி விழுங்க வேண்டும். மென்று பார்த்துப் பசையாக இருக்கிறதே என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்து வீட்டார் சங்கடப்படுவார்கள். போதுமானால் தெலுங்கு வீட்டில் ‘சாலு’, கன்னட வீட்டில் ‘சாக்கு’ என்று சொல்லிக் கையை இலைக்கு மேலே நீட்டிவிடுங்கள்.

சந்தையில் சிக்கல் எண்களில் வரும். ‘நூறு’ மூன்று மொழியிலும் புரியும். ஐம்பதுதான் தமிழில் அம்பது, கன்னடத்தில் ஐவத்து, தெலுங்கில் யாபை என்று பிரிந்துவிடுகிறது. ஓசூர் ரோஜாவுக்குக் காதலர் தினத்துக்கு முன்பு வெளிநாட்டுச் சந்தை வரை கிராக்கி. அந்த நாட்களில் பூ வாங்கப் போனால் விலை கேட்டு மலைக்க வேண்டாம்; கேட்ட தொகையைக் கைபேசியில் எழுதிக் காட்டச் சொல்வதில் தவறேதும் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் காலத்தில் போகிறவர்கள், கூழ் ஆலைகளுக்குப் போகும் காயை ‘பெங்களூரா’ என்று கேட்க வேண்டும், ‘கிளிமூக்கு’ என்றாலும் விளங்கும்.

வழி கேட்பதற்கு ஒரு யோசனை: தெருப் பெயரைச் சொல்லாதீர்கள், நிறுத்தத்தைச் சொல்லுங்கள். தர்கா, ஜூஜூவாடி, பத்தலப்பள்ளி, ராயக்கோட்டை ரோடு என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெங்களூரு பேருந்துகள் இரு மாநிலத்திலிருந்தும் வருகின்றன. கர்நாடக வண்டியின் பலகை கன்னடத்தில் இருக்கும் என்பதால் மெஜஸ்டிக்கா, சில்க் போர்டா என்று ஏறுமுன் கேட்டுக்கொள்வது நல்லது. பெண்களுக்கு இன்னொரு கவனம். தமிழக நகரப் பேருந்துகளில் 2021 முதல் இருக்கும் கட்டணமில்லாப் பயணமும், 2023இல் கர்நாடகம் தொடங்கிய ‘சக்தி’ திட்டமும் ஒன்றல்ல. பின்னதற்குக் கர்நாடக முகவரிச் சான்று வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் நின்று நடத்துநரிடம் வாதாடுவதில் பயனில்லை.

கடந்த சில ஆண்டுகளில் வந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓசூர் அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளிலிருந்து பழங்குடிப் பெண்கள் வந்ததை 2022இல் மத்திய அமைச்சர் ஒருவரே குறிப்பிட்டார். இவர்கள் எல்லோரையும் ‘இந்திக்காரங்க’ என்று ஒரே சொல்லில் அடைப்பது ஊரில் பரவியிருக்கும் கெட்ட பழக்கம். ஜார்க்கண்டிலிருந்து வருகிறவரின் தாய்மொழி சந்தாலியாகவோ முண்டாரியாகவோ இருக்கலாம். குடுக் மொழியாகவும் இருக்கலாம். அது தமிழைப் போலவே திராவிடக் குடும்பத்து மொழி. “உங்க வீட்டில் என்ன பேசுவீங்க?” என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தால் இது தெரியவரும். ‘வடக்கன்’ என்ற சொல்லை எந்தச் சூழலிலும் வாயில் எடுக்க வேண்டாம், அது வசைதான்.

அலுவலகங்களில் மனு தமிழில்தான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், கிராமத்துப் பெரியவரின் தெலுங்கைக் கேட்டுத் தமிழில் குறித்துக்கொள்ளும் காட்சி சாதாரணம். தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிகள் இப்பகுதியில் உண்டு. தமிழை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், தாய்மொழிக் கல்விக்கு இடம் வேண்டும் என்ற குரல் இங்கிருந்துதான் வலுவாக எழுந்தது. ஓசூர் சட்டமன்ற உறுப்பினராக இருந்த கே. கோபிநாத் அவையில் தெலுங்கில் பேச, முதலமைச்சர் ஜெயலலிதா தெலுங்கிலேயே பதில் சொன்னார். அதே கோபிநாத் 2024 ஜூனில் கிருஷ்ணகிரி நாடாளுமன்ற உறுப்பினராகத் தெலுங்கில் உறுதிமொழி ஏற்றார். இந்த வட்டாரத்தை அறியாதவர்களுக்கு அது வியப்பாக இருந்திருக்கலாம். தமிழ் படிக்கும் உரிமைக்காகப் பெங்களூரிலும் மும்பையிலும் குரல் கொடுக்கிற தமிழர்களுக்கு, இங்கே மற்றவர் கேட்கும் அதே உரிமை புரியாமல் போகக்கூடாது.

கடைசியாக, காவிரிப் பிரச்சினை சூடாகும் நாட்கள். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழகப் பேருந்துகள் எரிக்கப்பட்டபோது, இருபக்கப் பேருந்துகளும் எல்லையோடு நின்றுவிட்டன. மக்கள் மூட்டை முடிச்சோடு ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே நடந்து கடந்தார்கள். பந்த் அறிவிப்பு வந்தால் பயணத்தை ஒருநாள் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் கைச்சுமையைக் குறைத்துக்கொண்டு, தண்ணீர் எடுத்துக்கொண்டு, எல்லை வரை ஒரு வண்டி, அங்கிருந்து இன்னொன்று என்று கணக்கிட்டுக் கிளம்புங்கள். வழியில் ஆற்றைப் பற்றிய வாதத்தில் எந்த மொழியிலும் இறங்க வேண்டாம்.