பக்கத்தில் யார்?

ராமேசுவரத்துக்குப் போகிறவர்கள் இருபத்திரண்டு தீர்த்தங்களையும் வாளி வாளியாகத் தலையில் கொட்டிக்கொண்டு, மூன்றாம் பிரகாரத்தின் நீளத்தை வியந்துவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். எனக்கு அங்கே இன்னொரு தலமும் உண்டு. மண்டபம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, எண் 1. பெயரில் கவிதை ஒன்றும் இல்லைதான். எட்டாம் வகுப்போடு படிப்பும் முடிந்துவிடும். ஆனால் அப்துல் கலாம் படித்த பள்ளி அது.

1931-ல் பிறந்த அந்தப் பிள்ளை, ஐந்தாம் வகுப்பில் முன் வரிசையில், கோயில் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரியின் மகன் ராமநாதனை ஒட்டி உட்கார்ந்திருந்தது. பூணூலுக்குப் பக்கத்தில் தொப்பி! புதிதாக வந்த வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. பின் வரிசைக்குப் போகச் சொல்லிவிட்டார். செய்தி வீட்டுக்கு எட்டியதும் சாஸ்திரிகள் வாத்தியாரைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையானால் பள்ளியையும் தீவையும் விட்டுப் போக வேண்டும் என்று கண்டித்தார். 'அக்கினிச் சிறகுகள்' படித்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்.

மேடைகளில் இந்தக் கதைக்குத்தான் கைதட்டல் அதிகம். எனக்குப் பிடித்தது இன்னொன்று. அதே பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்த சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்று காட்டப் பிள்ளைகளைக் கடற்கரைக்கே அழைத்துப் போனவர், ஒரு நாள் இந்தப் பையனைச் சாப்பிடக் கூப்பிட்டார். முஸ்லிம் பையனுக்குத் தன் அடுக்களையில் பரிமாற முடியாது என்றுவிட்டாள் அவர் மனைவி. ஐயர் சண்டை பிடிக்கவில்லை. தாமே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து தாமும் சாப்பிட்டார். அம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வாரமும் வா" என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் அம்மாளே உள்ளே அழைத்துப் போய்ச் சோறு போட்டாள். சாஸ்திரிகளிடம் அதிகாரம் இருந்தது, அதட்டினார். ஐயரிடம் இருந்தது ஒரு வாரப் பொறுமை.

ஐயர் வீட்டில் இருவருக்கு நடந்த பந்தியைச் சர்க்கார் பிற்பாடு பெரிதாக்கிற்று. 1956-ல் காமராஜரின் மதிய உணவு. 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2022-ல் காலைச் சிற்றுண்டி தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல். உப்புமா என்றால் முகத்தைச் சுளிக்கும் வாசகர்கள், தகப்பன் கடலிலும் தாய் மீன் கூடையோடும் இருக்கிற வீட்டில் காலை எட்டு மணிக்கு அடுப்பு எரியுமா என்று ஒரு கணம் யோசித்துப் பார்க்கட்டும். ஐந்தாம் வகுப்போடு சிற்றுண்டிக்குக் கோடு கிழித்த கணக்குதான் எனக்குப் புரியவில்லை. ஆறாவதுக்குப் போனதும் பசி விட்டுவிடுமா என்ன?

அந்தக் கடற்கரைப் பள்ளிகளில் ஒன்றில், வராந்தாவில் பிள்ளைகள் தட்டோடு உட்காருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாண்டு, பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்து, "தள்ளி உட்காருடா!" என்றது. எனக்குத் துணுக்கென்றது. பின்னாலேயே தட்டும் கையுமாக ஒருவன் இடம் தேடி நின்றதை நான் கவனித்திருக்கவில்லை.

"இவனும் உட்காரணும்ல?" என்றது வாண்டு.