மழைக்கு முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை

எங்கள் மடவளையில் குளிர் தனியாக வருவதில்லை, மழையோடுதான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரங்களில் இடியோடு கொட்டும். மார்கழியில் பருவக்காற்று வந்துவிட்டால் நாள் முழுக்கத் தூறல்தான். துணி காயாது, சுவரில் பாசி ஏறும், பிள்ளைகளுக்கு இருமல் விடாது. ஆகவே புரட்டாதி பிறந்ததும் கூரையைப் பார், பீலியைப் பார் என்று வீடு வீடாகச் சொல்லித் திரிவது எனது வேலைகளில் ஒன்று.

2025 புரட்டாதியில் அப்படித்தான் ஓர் அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவருடைய பெற்றோர் மலையகத்துத் தோட்டமொன்றில் இருந்தவர்கள். 1977 வன்செயலுக்குப் பின் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். அக்கா பிறந்தது, வாழ்ந்தது, கணவரைத் தொலைத்தது எல்லாம் அங்கேதான். 2009 இல் முகாமிலிருந்து வெளியே வந்த பின், தாயின் உறவினரை நம்பி இரண்டு பிள்ளைகளோடு இங்கு வந்தார். உறவினர் கொடுத்த சரிவு நிலத்தில் மண்ணை வெட்டிச் சமப்படுத்தி, சிறுகச் சிறுக ஒரு வீடு கட்டினார்.

நான் படிவத்தை எடுத்துக் கூரைத் தகரங்களை எண்ணினேன். ஆணி ஓட்டைகளுக்குத் தார் பூசச் சொன்னேன். பீலியில் நிறைந்து கிடந்த பலா இலைகளை அள்ளச் சொன்னேன். கூரைக்கு மேல் சாய்ந்திருந்த கிளையை வெட்டுவிக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதி முடித்து எழும்பியபோது அக்கா கேட்டார்:

"பின்பக்கம் பாக்கேல்லையோ மிஸ்?"

உண்மையைச் சொல்கிறேன், பார்க்கவில்லை. படிவத்தில் கூரைக்கு இடம் இருந்தது, சுவருக்கு இடம் இருந்தது. மண்மேட்டுக்கு இடம் இருக்கவில்லை.

பின்னால் போனேன். குசினிச் சுவரிலிருந்து நாலடி தூரத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு மண் நிமிர்ந்து நின்றது. கூரைத் தண்ணீர் நேராக அதன் அடியில் விழுந்து மண்ணைத் தின்றுகொண்டிருந்தது. மேலே வாழை நட்டிருந்தார். அதற்கும் மேலே நிலத்தில் கைவிரல் போகுமளவுக்கு ஒரு வெடிப்பு.

"வன்னியில தரை மட்டம் மிஸ். மண் நிண்டு விழும் எண்டு எனக்கு ஆர் சொன்னது?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தானே. ஷெல்லுக்குப் பங்கர் வெட்டத் தெரிந்த கைகள் அவை. ஆனால் மலைநாட்டில் மழை வேறு விதமான ஆபத்து. மண்ணுக்குள் தண்ணீர் இறங்க இறங்க அதன் பாரம் கூடும், பிடிப்புக் குறையும். ஒரு கட்டத்தில் சரிவு தன்னைத் தானே தாங்காது.

அந்த வாரமே அயலவர்கள் சேர்ந்தார்கள். சிங்கள வீட்டு ஐயா ஒருவர் அலவாங்கோடு வந்தார், முஸ்லிம் வீட்டுப் பையன்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். மேட்டுக்கு மேலே குறுக்காக ஒரு கான் வெட்டி, வரும் தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பினோம். பீலியிலிருந்து குழாய் பூட்டித் தண்ணீரைத் தூரத்தில் விட்டோம். வெடிப்பைக் களிமண் இட்டு இறுக்கினோம். வாழையை எடுத்து வெட்டிவேர் நட்டோம். கல் அணை கட்டியவர்கள் அதிலுள்ள தண்ணீர்த் துளைகள் மண்ணால் அடைபட்டிருந்தால் குத்தித் திறந்துவிட வேண்டும் என்று அந்த ஐயா சொல்லித் தந்தார். உள்ளே தேங்கும் தண்ணீர்தான் அணையைத் தள்ளுகிறதாம்.

ஆனால் இவையெல்லாம் சிறு மழைக்குத்தான் போதும். பெரு மழைக்கு வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டும். இதைச் சொன்னதும் அக்காவின் முகம் மாறியது.

"இனி ஒருக்காலும் வீட்டை விட்டு ஓடமாட்டன் மிஸ். செத்தாலும் இதுக்குள்ளதான்."

நான் என்ன சொல்வது? சமூகவியல் படித்தபோது இடப்பெயர்வு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அவருக்குச் சொல்ல ஒரு வரி கிடைக்கவில்லை. சும்மா இருந்து தேநீர் குடித்தேன். பிறகு ஒரு நேரான போத்தலின் வாயை வெட்டி, அளவுகோல் ஒட்டி, முற்றத்தில் வெட்டவெளியில் வைத்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கை மகள் கொப்பியில் எழுதிக்கொண்டாள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற்றம்தான். "துரத்துறவை சொல்லி நாங்கள் ஓடுறேல்ல. நாங்களே அளந்து பாத்துப் போறம்" என்று மகள் தாய்க்குச் சொன்னாள்.

கார்த்திகைக் கடைசியில் டித்வா புயல் வந்தது. அந்த அனர்த்தத்தில் நாடெங்கும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். மாவட்டங்களில் கண்டியில்தான் அதிக இழப்பு. அன்று பின்னேரம் போத்தலில் 100 தாண்டியபோதே அக்கா பையைத் தூக்கிவிட்டார். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், கணவர் காணாமற்போனதற்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் இருந்தன. மேட்டு நிலத்தில் இல்லாத ஓர் அயல்வீட்டில் அன்றிரவு தங்கினார்கள். விடியப்புறம் மண் இறங்கிக் குசினியை மூடியது.

இரண்டு நாள் கழித்து அக்காவைக் கண்டேன். அழவில்லை. மடியிலிருந்து திறப்பை எடுத்துக் காட்டினார்.

"அப்ப கதவைக்கூடச் சாத்த நேரமிருக்கேல்ல மிஸ். இந்த முறை பூட்டிப்போட்டு வந்தனான்."

அன்பான சகோதரிகளே, மழை தொடங்குமுன் ஒரு நாள் உங்கள் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். கூரையோடு நின்றுவிடாதீர்கள், பின்பக்கமும் போங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று ஊறும் கலங்கல் தண்ணீர், இறுகித் திறக்காத கதவு ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அல்லது 117 இலக்கத்துக்கு அழையுங்கள். பையை வாசலருகே வையுங்கள். வீட்டை விட்டுப் போவது எப்போதும் தோல்வியல்ல. திரும்பி வருவதற்காகவும் போகலாம்.