வேற்காட்டிலிருந்து வேற்காட்டுக்கு

சென்னை நகருக்கு மேற்கே, கூவம் ஆற்றங்கரையில் இருக்கிறது திருவேற்காடு. சம்பந்தப் பெருமான் பாடிய தலம். மூர்க்க நாயனார் அவதரித்த ஊர். நான்கு வேதங்களும் வேல மரங்களாக நின்று ஈசனை வழிபட்டமையால் வேற்காடு என்னும் பெயர் வந்ததாகத் தல புராணம் கூறும். இந்நாளில் கருமாரி அம்மனைத் தரிசிக்க வரும் ஜனங்களில் பெரும்பாலோர் அங்கே ஓர் ஆறு இருப்பதையே கவனிப்பதில்லை. அதற்கு ஆற்றின் பேரிலும் குற்றம் உண்டு. வருஷத்தில் முக்காற்பங்கு நாட்கள் அது தன்னை ஆறு என்று சொல்லிக்கொள்ளக் கூசி, சாக்கடையோடு சாக்கடையாக ஒதுங்கிக் கிடக்கிறது. ஐப்பசி பிறந்து வானம் கறுத்தால்தான் அதற்குப் பழைய ஞாபகம் வருகிறது.

2024-ம் வருஷத்தில் மழை ஐப்பசிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. அக்டோபர் 15-ந் தேதியே வடகிழக்குப் பருவம் தொடங்கிவிட்டது என்றார்கள். வங்கக் கடலில் உண்டான தாழ்வு மண்டலம் ஒன்று 17-ந் தேதி விடியற்காலையில் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. சில தினங்களுக்குப் பின் திருவேற்காட்டுப் பாலத்தின் மேல் நின்று, செம்மண் நிறத்தோடு சுழித்தோடிய கூவத்தைப் பார்த்தபோது, இந்தத் தண்ணீரை நம்பிப் பிழைப்பவர்கள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்ற எண்ணம் நமக்கு உண்டாயிற்று. இவ்வூரில் அப்படி யாரும் இல்லை. பக்கத்துப் பருத்திப்பட்டு ஏரியில் உல்லாசப் படகு விட ஏற்பாடு செய்தார்கள் என்பது உண்மையே. ஆனால் அந்தப் படகை மழைக்குப் பயந்து கட்டி வைத்தால் ஒரு குப்பம் முழுவதும் பட்டினி கிடக்கப் போவதில்லை.

அப்படிப்பட்டவர்களைப் பார்க்க வேண்டுமானால் இன்னொரு வேற்காட்டுக்குத்தான் போக வேண்டும். அது பழவேற்காடு. பெயரில் மட்டுமல்ல, தண்ணீரிலும் இவ்விரண்டு ஊர்களுக்கும் உறவு உண்டு. திருவேற்காட்டைத் தாண்டிச் செல்லும் கூவம், கடலில் விழுவதற்குச் சற்று முன்னால் பக்கிங்ஹாம் கால்வாயைச் சந்திக்கிறது. 1806-ம் வருஷத்தில் பேஸில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் வரையில் வெட்டிய கால்வாய் அது. பிறகு பழவேற்காடு வரைக்கும், அதற்கு அப்பால் ஆந்திர தேசத்துக்கும் நீண்டது. உப்பும் விறகும் கிளிஞ்சலும் ஏற்றிய படகுகள் அவ்வழியே சென்னைக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது கால்வாய் தூர்ந்து கிடப்பதால், நாம் பஸ்ஸையே நம்பிச் செங்குன்றம், தச்சூர், பொன்னேரி வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் பிரயாணம் செய்தோம். பொன்னேரிக்கு அப்பால் சாலையின் இருபுறமும் வயல்கள் ஏரிகளாகக் காட்சியளித்தன. எங்கே வயல் முடிந்து எங்கே உண்மையான ஏரி தொடங்குகிறது என்பதைப் படகுகள் தென்பட்ட பிறகுதான் தெரிந்துகொள்ள முடிந்தது.

பழவேற்காட்டைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் சொல்வதெல்லாம் டச்சுக்காரர்களைப் பற்றியதுதான். 1613-ல் அவர்கள் ஜெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி, 1690 வரையில் சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கு அதையே தலைமை ஸ்தானமாக வைத்திருந்தார்கள். கோட்டை அழிந்தது, கல்லறைகள் எஞ்சின. அந்தக் கல்லறைகளில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்து வியந்துவிட்டு, வந்தவர்கள் திரும்பிவிடுகிறார்கள். நாம் வந்த காரியம் உயிரோடிருப்பவர்களைப் பற்றியதாகையால் நேரே துறைக்குச் சென்றோம்.

துறையில் நூற்றுக்கணக்கான ஃபைபர் படகுகள் நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. ஒன்றிலாவது எஞ்சின் இல்லை. எல்லாப் படகுகளிலும் முழங்கால் ஆழத்துக்கு மழைத் தண்ணீர். சிறுவர்கள் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இறைக்க இறைக்க மேலே தூறிக்கொண்டேயிருந்தது. இறைக்காமல் விட்டால் படகு கட்டிய இடத்திலேயே முழுகிவிடும், அல்லது காற்றில் பக்கத்துப் படகோடு மோதிப் பிளந்துகொள்ளும் என்று சொன்னார்கள். எஞ்சின்களை அவிழ்த்துத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூடத்திலே நிறுத்தியிருந்தார்கள். குடிசையில் எந்த மூலை ஒழுகாதோ அந்த மூலை எஞ்சினுக்கு. குழந்தைகள் மற்ற மூலைகளில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு வலைக் கொட்டகையில் வயதான படகுக்காரர் ஒருவர் அறுந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். "பருவம் தொடங்கும்போதே மழை இப்படிக் கெடுத்துவிட்டதே, பெரியவரே!" என்று அனுதாபத்தோடு ஆரம்பித்தோம்.

அவர் ஊசியை நிறுத்திவிட்டு நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "மழை கெடுக்குதுன்னு சொல்லாதீங்க, ஐயா. மழை இல்லேன்னா எங்களுக்குப் பருவமே கிடையாது" என்றார்.

அவர் கூறியதன் பொருள் இந்த ஏரியின் இயல்பை அறிந்தால் விளங்கும். பழவேற்காட்டு ஏரி, ஒரிய நாட்டுச் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. நானூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடந்தாலும் பெரும்பாலான இடங்களில் ஆழம் ஓர் ஆளின் இடுப்புக்குத்தான் வரும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டைத் தீவு நீளமாகப் படுத்திருக்கிறது. தென்கோடியில் பழவேற்காட்டுக்கு அருகிலுள்ள முகத்துவாரம்தான் படகு கடலுக்குப் போவதற்கும், இறால் குஞ்சு கடலிலிருந்து ஏரிக்குள் வருவதற்கும் வாசல். கோடையில் ஏரி வற்றி, நீரோட்டம் தளர்ந்ததும், அலைகள் மணலைக் கொண்டுவந்து அந்த வாசலை அடைத்துவிடுகின்றன. ஏரி நீர் கடலைவிட அதிகமாகக் கரிக்கிறது. அப்போது படகுக்காரர்கள் தங்களுக்குள் பணம் வசூலித்து மணலை வெட்டியதும் உண்டு. இன்று வெட்டியதை நாளை அலை மூடும். ஆரணியாறும் காளங்கியும் வெள்ளத்தோடு வந்து உள்ளிருந்து தள்ளினால்தான் வாசல் நன்றாகத் திறக்கும்.

ஆகவே மழை வேண்டும். ஆனால் அந்த மழை பெய்யும் நாட்களில் கடலுக்குப் போக முடியாது. பருவத்தை உண்டாக்கும் மழையே பருவத்தின் முதல் வாரங்களை விழுங்கிவிடுகிறது. இதுதான் படகுக்காரருடைய சங்கடம். அதோடு போயிற்றா? மழை அளவு மிஞ்சி, பிச்சாட்டூர் அணையையும் திறந்துவிட்டால், ஆரணியாற்று வெள்ளம் குப்பங்களைச் சூழ்ந்துகொள்ளும். ஏரி முழுவதும் நல்ல தண்ணீராகிவிட்டால் இறால் தங்காது. "பெய்யணும், ஆனா பார்த்துப் பெய்யணும்" என்றார் பெரியவர். 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் அப்படிப் பார்த்துப் பெய்யவில்லை என்பதை அவர் சொல்லாமலே நாம் அறிவோம்.

படகு கட்டிக் கிடக்கும் நாட்களில் குடும்பம் எப்படி நடக்கிறது? அரசாங்கம் மீன் குறைவான மழைக்காலத்துக்கென்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் 6,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. மற்றதற்கு மீன் வியாபாரியின் முன்பணம் இருக்கிறது. வாங்கியவர் தம் மீனை அந்த வியாபாரிக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். பிடித்த மீனில் படகுக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் பங்கு ஒதுக்கி, மிச்சத்தை ஆட்கள் பகிர்ந்துகொள்வது வழக்கம். பிடிக்காத நாளில் பங்கு கிடையாது; ஆனால் எஞ்சின் வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் மழை வெயில் பாராமல் நடந்துகொண்டே போகிறது. படகு சொந்தமாக இருப்பவன் கூலிக்காரனைவிட மேலானவன் என்று நகரத்தில் இருந்துகொண்டு நாம் எண்ணுகிறோம். ஐப்பசி மாதத்தில் அப்படித் தோன்றவில்லை.

கடல் அடைபட்டால் ஏரியிலேயே பிடிக்கக் கூடாதா என்று கேட்டோம். பிடிக்கலாம், ஆனால் நினைத்தவர் நினைத்த இடத்தில் அல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல நீரோட்டமுள்ள இடங்களுக்குப் 'பாடு' என்ற முறை உண்டு. உரிமை உள்ள குப்பத்தார் சீட்டுப் போட்டு, இன்று இன்னாருக்கு இந்த இடம் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வலுவாக இழுக்கும் இரவுகளில், ஏரியில் வளர்ந்து கடலுக்குத் திரும்பும் இறால் அந்த வலைகளில் விழும். மழை வெள்ளம் இறாலைக் கிளப்பிவிடுவதால் இதுவே நல்ல வேட்டைக் காலம். ஒருவருக்கு வாய்த்த முறையன்று புயற்காற்று அடித்தால் அவருடைய நாள் போனது போனதுதான். கோர்ட்டும் வக்கீலும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இந்த ஏற்பாட்டில் சச்சரவுகள் இல்லாமல் இல்லை. பாடு இல்லாத குப்பங்களுக்கு மனக்குறை உண்டு. அது நியாயமான குறை என்றே நமக்குத் தோன்றியது.

மழைக்குப் பின்னால் பூநாரைகள் வந்து இறங்கும். அவற்றைப் பார்க்க நகரத்து மனிதர்கள் வருவார்கள். முன்பெல்லாம் அவர்களை ஏற்றிச் சென்று படகுக்காரர்கள் நாலு காசு பார்த்தார்கள். 2011-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி உல்லாசமாகச் சென்ற படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அதன் பிறகு அதிகாரிகள் உல்லாசச் சவாரிக்குத் தடை விதித்தனர். தடையைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஸ்ரீஹரிகோட்டையிலிருந்து ராக்கெட் கிளம்பும் தினங்களிலும் கடலுக்குப் போகக் கூடாது. தேசம் வானத்தில் ஏறும் நாளில் பழவேற்காட்டுப் படகு கரையில் ஏறிக் கிடக்கிறது.

முகத்துவாரம் மூடாமலிருக்கச் சுமார் 27 கோடி ரூபாய்ச் செலவில் கல்லால் தடுப்புச் சுவர்கள் கட்ட அரசாங்கம் திட்டமிட்டது. அதைப் பற்றிப் பெரியவரிடம் கேட்டோம். "வாசல் நிலையா இருந்தா நல்லதுதான்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு மறுபடி வலையைப் பின்னத் தொடங்கினார்.

மாலையில் தூறல் நின்று மேற்கே சிறிது வெளிச்சம் கண்டது. துறையில் பேச்சுக் குரல் உயர்ந்தது. சிலர் நீண்ட மூங்கிற் கழியோடு சிறு படகில் ஏறி, வெள்ளம் வாசலை எவ்வளவு அறுத்திருக்கிறது என்று ஆழம் பார்க்கப் புறப்பட்டார்கள். அதே சமயத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: அந்தமான் பக்கத்தில் புதிய தாழ்வு உருவாகியிருப்பதால் யாரும் ஆழ்கடலுக்குப் போக வேண்டாம். அதுதான் பின்னர் 'டானா' என்ற புயலாகி, 25-ந் தேதி விடியுமுன் ஒடிசாவில் கரையேறியது. எஞ்சினைத் தோளில் சுமந்து துறைக்கு வந்துகொண்டிருந்த இரண்டு வாலிபர்கள் அறிவிப்பை முழுவதும் கேட்டார்கள். பிறகு ஒன்றும் பேசாமல் தோளை மாற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பினார்கள்.